நடாத மரம்

எங்கள் பக்கத்தில் காபி வேண்டுமா என்று மூன்று தடவை கேட்க வேண்டும். முதல் தடவை கேட்டால் வேண்டாம், இப்போதுதான் குடித்தேன் என்று சொல்ல வேண்டும். இரண்டாம் தடவை, உனக்கு எதற்குச் சிரமம் என்று இழுக்க வேண்டும். மூன்றாம் தடவை கேட்டால், சரி, அரைக் கோப்பை மட்டும் என்று உட்கார்ந்து மூன்று கோப்பை குடிக்கலாம். முதல் தடவையே தலையாட்டுகிறவன் மினியாபோலிஸ் மாதிரிப் பெருநகரத்திலிருந்து வந்தவனாக இருப்பான். ஆனால் எச்சரிக்கை மட்டும் ஒரு தடவைதான். உன் கொட்டகைக் கூரை இறங்குகிறது என்று ஒருவனிடம் ஒரு முறை சொல்லலாம். மறுமுறை சொன்னால் அவனை முட்டாள் என்று திட்டியதாக அர்த்தம். பிறகு அந்தக் கூரை அவன் மாடுகளின் மேல் விழும்வரை வாயைப் பொத்திக்கொண்டு இருக்க வேண்டும், விழுந்ததும் முதல் ஆளாகத் தூக்கிவிட ஓட வேண்டும். எங்கள் பாட்டன்மார் நார்வேயிலிருந்து கப்பலேறியபோது இந்த வழக்கத்தை நடுக்கடலில் தள்ளிவிட்டு வந்திருக்கலாம். அவர்கள் தள்ளவில்லை.

நான் முப்பத்தோரு வருஷம் பால் லாரி ஓட்டினேன். ஹால்வர் ஏரியைச் சுற்றிப் பத்தொன்பது பண்ணைகள். ஒன்றுவிட்டு ஒரு நாள் ஒவ்வொன்றுக்கும் போய்த் தொட்டியில் இருக்கிற பாலை லாரிக்கு ஏற்றிக்கொண்டு, டவுனில் வெண்ணெய் ஆலையில் இறக்க வேண்டும். பதினோராவது பண்ணை செல்மர் பிரெக்கியுடையது. செல்மரும் நானும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. அவன் மனைவி ஆர்டிஸ் எங்களுக்கு இரண்டு வகுப்பு கீழே. பிள்ளை கிடையாது. இருபத்தாறு மாடுகள், பின்னால் ஏரி, முன்னால் தபால் பெட்டி, அவ்வளவுதான் அவர்கள் சொத்து.

கோடையில் செல்மரைப் போல உழைக்கிற ஆளைப் பார்க்க முடியாது. வைக்கோல் கட்டுகளை இரண்டிரண்டாக எறிவான். ஆனால் கிறிஸ்துமஸ் முடிந்ததும் படுத்துவிடுவான். மாடியறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு மார்ச் வரை கிடப்பான். காய்ச்சல் கிடையாது, வலி கிடையாது. ஊரே கூடி அதற்கு 'முதுகு' என்று பெயர் வைத்திருந்தது. செல்மருக்கு முதுகு எப்படி இருக்கிறது என்று கேட்போம். அப்படியேதான் இருக்கிறது என்பாள் ஆர்டிஸ். அவன் அப்பாவுக்கும் இதே முதுகுதான். ஒரு பிப்ரவரி மாதம் வைக்கோல் பரணில், கட்டு தூக்குகிற கயிற்றில் அந்த மனிதர் தொங்கினார். மாட்டுக்கு வைக்கோல் தள்ள மேலே ஏறின செல்மர்தான் முதலில் பார்த்தான். அப்போது அவனுக்குப் பதினான்கு வயது. மறுவாரம் பள்ளிக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். நான் எதுவும் கேட்கவில்லை, யாருமே கேட்கவில்லை.

ஆர்டிஸ் கல்யாணமாகி வந்ததும் செய்த முதல் வேலை, பண்ணையில் இருந்த கயிற்றையெல்லாம் எரித்தது. கன்றுக்குட்டிக்குச் சங்கிலி. துணி காயப்போடக் கம்பி. பனிப்புயலில் வழி தவறாமல் இருக்கச் சமையலறைக் கதவிலிருந்து தொழுவம் வரைக்கும் எல்லோரும் கயிறு கட்டுவோம். அவள் வேலிக் கம்பி கட்டினாள். குளிரில் அந்தக் கம்பியைப் பிடித்தால் கையுறையோடு சேர்த்துத் தோலையும் உரிக்கும். அவள் அதைப் பிடித்துக்கொண்டுதான் பதினாறு வருஷம் பால் கறக்கப் போனாள்.

அறுபத்தொன்பதாம் வருஷம் வந்ததே ஒரு குளிர்காலம், அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பல் கூசுகிறது. நவம்பரில் விழ ஆரம்பித்த பனி நிற்கவே இல்லை. ஜனவரியில் பத்து நாள் தொடர்ந்து பூஜ்யத்துக்குக் கீழே முப்பது. லாரியின் டீசல் கூழாகிவிடும். நான் அடியில் கரி அடுப்பை வைத்து அரை மணி நேரம் சூடு காட்டிவிட்டுத்தான் கிளப்புவேன். மாடுகளின் காது நுனி கறுத்து உதிர்ந்தது. நடந்தால் பூட்ஸுக்கு அடியில் பனி கண்ணாடி மாதிரிக் கத்தும்.

ஜனவரி நடுவில் ஒரு காலை, நான் பிரெக்கி வீட்டுப் பாலறையில் குழாயை மாட்டிக்கொண்டிருந்தேன். ஆர்டிஸ் வந்து நின்றாள். தலையில் ஒரு துண்டு, மேலே செல்மருடைய அப்பாவின் பழைய சிவப்புக் கம்பளிக் கோட்டு. மான் வேட்டைக்குப் போட்டுக்கொள்கிற கோட்டு. முழங்கால் வரைக்கும் தொங்கும். காபி வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். மறுபடி கேட்டாள். மறுபடி வேண்டாம் என்றேன். மூன்றாவதாகக் கேட்க வாயெடுத்தவள் பேச்சை மாற்றினாள். அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது, வீட்டில் ஏதோ சரியில்லை என்று.

"நாலு நாளா சாப்பிடல, இங்வால்," என்றாள்.

"முதுகா?"

"முதுகுன்னு சொல்லாத. உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும்." துண்டை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டாள். "நேத்து என்கிட்ட மன்னிப்பு கேட்டான்."

"எதுக்கு?"

"அதைத்தான் சொல்லல. மன்னிச்சிடுன்னான். திரும்பிப் படுத்துக்கிட்டான்."

பால் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளே பேசினாள்.

"மார்ச்சு வந்தா வெயில் வந்துடும். அவனும் எந்திரிச்சுடுவான். அதுவரைக்கும் அவனை உயிரோட வெச்சிருக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம். அவங்கப்பா இருட்டு வீடு கொட்டகைக்குப் பின்னால கிடக்குதே, அதை ஏரியில இழுத்துவிட்டுக் குடுக்கிறியா?"

இருட்டு வீடு என்றால் ஜன்னல் இல்லாத பலகைக் கூடு. கக்கூஸைவிடக் கொஞ்சம் பெரியது. அடியில் சறுக்குக் கட்டைகள், உள்ளே ஒரு சின்ன அடுப்பு, ஒரு பெஞ்சு, தரையில் சாப்பாட்டு மேஜை அளவுக்கு ஒரு திறப்பு. உறைந்த ஏரியில் அதே அளவுக்குத் துளை வெட்டி அதன்மேல் வீட்டை நிறுத்திக் கதவைச் சாத்தினால் உள்ளே கும்மிருட்டு. ஆனால் வெளியே விழுகிற வெயில் பனிக்கட்டிக்குள் இறங்கித் தண்ணீர் வழியாகத் துளையில் எழும்பி வரும். பெஞ்சில் உட்கார்ந்து ஈட்டியைப் பிடித்துக்கொண்டு பார்த்தால் அடிமணல்வரை தெரியும். நூலில் ஒரு மரப் பொய்மீனைக் கட்டி ஆட்டினால், அதைத் தின்ன பைக் என்கிற பெரிய ஏரிமீன் வரும். குத்த வேண்டியதுதான். நான் தூண்டில்காரன். அந்த இருட்டுக்குள் போனதே இல்லை. மீனுக்காக ஒரு நாள் முழுக்கக் கிணற்றை எட்டிப் பார்ப்பவனைப் போல உட்கார எனக்கென்ன கிறுக்கா?

மறுநாள் டிராக்டரில் சங்கிலி கட்டி இழுத்துவிட்டேன். ஆர்டிஸ் மாடிக்குப் போய் ஒரு பொய் சொன்னாள். உறைபெட்டி காலி, இறைச்சி தீர்ந்துவிட்டது, நான் போய் மீன் குத்தப் போகிறேன், நீ படுத்திரு என்றாள். ஒரு பெண்பிள்ளை ஏரியில் தனியாக உட்கார்ந்து ஈட்டி எறிந்தாள் என்றால் ஊர் செல்மரைப் பற்றி என்ன பேசும்? அவன் எழுந்து கால்சட்டை போட்டுக்கொண்டான். மூன்று வாரத்தில் அவன் கால் மாடிப்படியில் பட்டது அன்றைக்குத்தான்.

அவன் போய் உட்கார்ந்தான். இருட்டும்வரை வரவில்லை. அவள் பால் கறந்துவிட்டு, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, அந்தச் சிவப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு ஏரிக்கு ஓடியிருக்கிறாள். கதவைத் திறந்தால், குனிந்து துளையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான். ஈட்டி சுவரில் சாய்த்தபடியே இருக்கிறது. அன்று ராத்திரி இரண்டு தட்டு உருளைக்கிழங்கும் ரொட்டியும் தின்றானாம். தின்றுகொண்டே பேசினானாம். பாலறை வாசலில் நின்று இதைச் சொல்லும்போது ஆர்டிஸின் கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது, அவள் துடைக்கவில்லை. கன்னத்திலேயே உறைந்தது.

"ஒரு மீன் வந்துச்சாம், தொடை நீளம். குத்தலையான்னேன். எப்படிடி குத்துறதுங்கறான். அது நின்னுச்சு, வெளிச்சம் அது முதுகுல விழுந்துச்சு, பார்த்துக்கிட்டே இருந்தேன்ங்கறான். அடியில ஒவ்வொரு கூழாங்கல்லும் தெரியுதாம். தண்ணி பச்சையாவும் இல்லையாம், நீலமாவும் இல்லையாம், அதுக்குப் பேரே இல்லையாம்." மூக்கை உறிஞ்சினாள். "உறைபெட்டிக்கு ஒரு மீனும் வரல. அதைப் பத்தி எனக்குக் கவலையும் இல்ல."

மறுநாளும் போனான். அதற்கு மறுநாளும். ஒரு வாரத்தில் கத்தியை எடுத்து தேவதாருக் கட்டையில் பொய்மீன் செதுக்க ஆரம்பித்தான். வயிற்றைக் குடைந்து ஈயம் ஊற்றுவான், காபி டப்பாத் தகரத்தை வெட்டித் துடுப்பு வைப்பான், பிறகு வண்ணம். எங்கள் ஆட்கள் செய்கிற பொய்மீன் வெள்ளையாக, மூக்கு மட்டும் சிவப்பாக இருக்கும். மீனுக்கு அது போதும். செல்மர் ஊதாவில் செய்தான். ஆரஞ்சில் புள்ளி வைத்துச் செய்தான். ஒன்றுக்கு இறக்கையே வைத்தான். துளைக்குள் விட்டு, வெளிச்சத்தில் அது வட்டமடிப்பதைப் பார்ப்பான். வீட்டுக்கு வந்து சுரண்டிவிட்டு வேறு வண்ணம் பூசுவான். பைக் மீன் ஒன்றுகூடப் பிடிக்கவில்லை.

வெண்ணெய் ஆலையில் இதைப் பேசிப் பேசி எல்லோருக்கும் வாய் வலித்தது. செல்மர் மீனைப் பிடிக்கவில்லை, மீன்தான் செல்மரைப் பிடித்துவிட்டது என்றான் ஒருவன். அந்த ஊதா மீனைப் பார்த்து பைக் சிரித்தே செத்துவிடும், ஈட்டியே வேண்டாம் என்றான் இன்னொருவன். நானும்தான் சிரித்தேன். சிரிக்கும்போதே மனசுக்குள் நிம்மதியாக இருந்தது. ஆள் நடமாடுகிறான், சாப்பிடுகிறான், பேசுகிறான். பிப்ரவரி பிறந்துவிட்டது. இன்னும் ஒரு மாதம்.

ஆனால் தொழுவத்துக்கு அவன் வரவில்லை. அதையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் ஆர்டிஸுக்குத் துரோகம். இருபத்தாறு மாட்டுக்கும் காலையும் மாலையும் அவள் ஒருத்திதான். சாணம் உறைந்து கல்லாகியிருக்கும், கடப்பாரையால் இடித்துத்தான் அள்ள வேண்டும். தண்ணீர்க் குழாய் உறைந்தால் வெந்நீர் ஊற்றி இளக்க வேண்டும். விரல்கள் வெடித்து, மாட்டு மடிக்குத் தடவுகிற களிம்பைப் பூசிப் பழந்துணி சுற்றியிருந்தாள். மத்தியானம் தூக்குவாளியில் சாப்பாடும் குடுவையில் காபியும் எடுத்துக்கொண்டு ஏரிக்கு நடப்பாள். கரையிலிருந்து அந்தக் கூடுவரை முந்நூறு அடி. ஐந்து வாரம் ஒரே தடத்தில் நடந்து நடந்து பனியில் ஒற்றையடிப் பாதை விழுந்திருந்தது. சிவப்புக் கோட்டு எதற்கு என்று கேட்டேன். தூரத்திலிருந்து தெரியட்டும், எங்கேயாவது விழுந்து கிடந்தால் நீயாவது பார்ப்பாய் என்றாள்.

ஒருநாள் செல்மர் அவளை உள்ளே உட்காரவைத்துக் காட்டினானாம். எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருந்துச்சு. கண்ணாடிக்குள்ள உக்காந்த மாதிரி." யோசித்தாள். "பத்து நிமிஷம் இருந்திருப்பேன். அடுப்புச் சூட்டுல தூங்கிட்டேன். அதெல்லாம் பார்க்கறதுக்கு நேரம் வேணும்ல, இங்வால்."

பிப்ரவரி பதினெட்டு, செவ்வாய்க்கிழமை. குளிர் கொஞ்சம் குறைந்து காற்று ஏறியிருந்தது. தரைப்பனி இடுப்புயரத்துக்குப் புகையாக ஓடிக்கொண்டிருந்தது. நான் போனபோது செல்மர் பாலறை வாசலில் காத்திருந்தான். முகம் சவரம் செய்திருந்தான். இருட்டு வீட்டைச் சுற்றிப் பனி குவிந்துவிட்டது, வெளிச்சம் உள்ளே இறங்கவில்லை, பத்து எட்டு வைக்கிற தூரத்தில் காற்று துடைத்துவிட்ட இடம் ஒன்று இருக்கிறது, பனிக்கட்டி கறுப்புக் கண்ணாடி மாதிரி கிடக்கிறது, அங்கே நகர்த்த வேண்டும், கைகொடு என்றான். எனக்கு இன்னும் எட்டுப் பண்ணை பாக்கி. ஆனாலும் பள்ளிக்கூடத்துக்குப் பிறகு அவன் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. போனேன்.

முதலில் புதுத் துளை வெட்டினோம். மூன்றடிப் பனிக்கட்டி, ரம்பமும் கடப்பாரையுமாக ஒன்றரை மணி நேரம். பிறகு உறைந்து ஒட்டியிருந்த சறுக்குக் கட்டைகளை நான் நெம்ப, அவன் டிராக்டரை ஓட்டினான். வீடு இருந்த அதே வரிசையில் நேராக உள்ளே, ஏரிப் பக்கமாகப் பத்து எட்டு. சரியாகத் துளைமேல் உட்கார்ந்தது. பழைய துளை பின்னால் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது.

வீட்டை நகர்த்தினால் பழைய துளையில் மரம் நட வேண்டும். இது சட்டம் இல்லை, சட்டத்துக்கு மேலே. திறந்த துளை ஒரு மணி நேரத்தில் விரல் கனத்துக்கு ஏடு கட்டிவிடும், மேலே பனி தூவிவிட்டால் தரைக்கும் துளைக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால்தான் கிறிஸ்துமஸ் முடிந்த மரத்தை எங்களில் எவனும் எரிக்க மாட்டான், ஏரிக்குக் கொண்டுவருவான். பிரெக்கி வீட்டு மரம் இருட்டு வீட்டுக் கதவோரம் காற்றுக்கு மறைப்பாகச் சாய்ந்து கிடந்தது. வெள்ளிக் காகிதச் சரம் ஒன்று இன்னும் அதில் ஆடிக்கொண்டிருந்தது.

"மரத்தை நட்டுடு," என்றேன்.

"நட்டுடறேன்," என்றான். அவன் ஏற்கெனவே கதவுக்குள் தலையை விட்டிருந்தான். "இங்வால், இங்க வந்து பாரேன். ஒரு நிமிஷம்."

பால் காத்திருக்கிறது என்றேன். நாலடி நடந்து திரும்பிப் பார்த்தேன். கதவு சாத்தியிருந்தது. மரம் சாய்ந்தபடியே இருந்தது. கதவைத் தட்டி, டேய், மரம், என்று சொல்லியிருக்கலாம். நானே தூக்கி நட்டிருக்கலாம், இரண்டு நிமிஷ வேலை. ஆனால் ஒருத்தனிடம் சொல்லிவிட்டு அவன் கண்ணெதிரே அதை நாமே செய்தால், அது இரண்டு தடவை சொன்னதைவிட மோசம். அதுவும் செல்மரிடம். ஊரே அவனைக் கையாலாகாதவன் என்று பார்க்கிறபோது, ஐந்து வாரமாகத்தான் மனிதனாக எழுந்து நிற்கிறபோது. நான் லாரிக்குப் போய்விட்டேன்.

மத்தியானம் ஆர்டிஸ் தூக்குவாளியோடு கிளம்பியிருக்கிறாள். எதிர்க்காற்று. தலையைக் குனிந்துகொண்டு, காலடியில் தன் பழைய தடத்தையே பார்த்துக்கொண்டு நடந்திருக்கிறாள். நிமிர்ந்து பார்த்திருந்தாலும் பனிப்புகைக்குள் அந்தக் கூடு எப்போதும் போல நேரெதிரேதான் தெரிந்திருக்கும். பத்து எட்டுத் தூரத்தை அந்தப் புகையில் யார் கணக்கிட முடியும்? அவள் ஐந்து வாரம் தானே மிதித்துப் போட்ட பாதை அவளை நேராகத் துளைக்குக் கூட்டிக்கொண்டு போனது.

பதினான்காவது பண்ணையில் தொலைபேசியில் என்னைக் கூப்பிட்டார்கள். நான் போனபோது அவளைப் பனிமேல் கிடத்தியிருந்தார்கள், மேலே ஒரு குதிரைக் கம்பளி. பழைய துளையோரம் தூக்குவாளி கவிழ்ந்து கிடந்தது. காபிக் குடுவை மட்டும் நிமிர்ந்து நின்றது. செல்மர் வெறும் சட்டையோடு உட்கார்ந்திருந்தான், இரண்டு கையும் தோள்வரை பனிக்கட்டி பூத்து வெள்ளையாக இருந்தன. கயிறு இல்லாத பண்ணை. அவன் கையில் இருந்தது மீன் ஈட்டி ஒன்றுதான். அவள் பனிக்கட்டிக்கு அடியில் நகர்ந்து புதுத் துளைப் பக்கம் வந்திருக்கிறாள், அவன் அதிலிருந்து ஈட்டியை எறிந்து கோட்டில் குத்தி இழுத்திருக்கிறான். சிவப்புக் கோட்டின் முதுகில் ஏழு துளைகள். ஈட்டிக்கு ஏழு பல்.

போலீஸ் அதிகாரி ஷெரிஃபின் ஆள் வந்து விசாரித்தான். வீட்டை நகர்த்தும்போது நான் இருந்தேனா என்றான். இருந்தேன் என்றேன். மரம் நடச் சொன்னேனா என்றான். சொன்னேன் என்றேன். எழுதிக்கொண்டு, நீ சொல்லியிருக்கிறாய், வேறென்ன செய்ய முடியும் என்று என் தோளைத் தட்டினான். எத்தனை தடவை சொன்னாய் என்று கேட்கவில்லை. எங்கள் ஊரில் அதை எவன் கேட்பான்?

நிலம் ஆறடிக்கு உறைந்திருந்தது, குழி தோண்ட முடியாது. குளிர்காலத்தில் செத்தவர்களை எங்கள் பக்கத்தில் மே மாதம்வரை கல்லறைத் தோட்டத்துக் கல்வீட்டில் வைத்துப் பூட்டுவார்கள். ஆர்டிஸையும் வைத்தார்கள். தேவாலயத்துப் பெண்கள் செல்மர் வீட்டுக்குச் சாப்பாட்டுத் தட்டங்களை அடுக்கினார்கள். மாடுகளை ஏலத்தில் மூன்று பேர் பிரித்துக்கொண்டு போனார்கள். செல்மர் இந்த மாதத்தைத் தாண்ட மாட்டான் என்று ஊர் முழுக்க முடிவு கட்டிவிட்டது. நானும் அப்படித்தான் நினைத்தேன். அவன் துப்பாக்கியை எடுத்து என் வீட்டில் வைத்துக்கொண்டேன். துணிக் கம்பியை அறுத்தேன், தொழுவத்துக்குப் போகிற கம்பியையும் அறுத்தேன். பால் இல்லாத வீட்டுக்கு லாரியை விட்டேன், ஒன்றுவிட்டு ஒரு நாள் இல்லை, தினமும். உயிரோடு வைத்திருக்க வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்று அவள் என்னிடம்தானே சொன்னாள்.

அவன் சாகவில்லை. மார்ச் மாதம் ஒருநாள் போனேன். கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் சமையலறை மேஜையில் உட்கார்ந்து பொய்மீன் ஒன்றுக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தான். சிவப்பு. பக்கத்தில் ஏழெட்டு மீன்கள் காய்ந்துகொண்டிருந்தன, எல்லாம் சிவப்பு, ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் வேறு. பளிச்சென்று ஒன்று, கறுத்து ஒன்று.

"காபி குடிக்கிறியா?" என்றான்.

வேண்டாம் என்றேன். அவன் மறுபடி கேட்கவில்லை. தூரிகையைத் துடைத்தான்.

"ஷெரிஃப் ஆளுகிட்ட சத்தம் கேட்டு வெளிய ஓடினேன்னு சொன்னேன். அது பொய். எனக்கு ஒரு சத்தமும் கேட்கல."

கதவுக் கைப்பிடிக்குப் போன கையை இழுத்துக்கொண்டேன்.

"துளையில பார்த்துக்கிட்டு இருந்தேன். புது இடம், வெளிச்சம் அப்படி இருந்துச்சு. ஓரத்துல ஒரு சிவப்பு வந்துச்சு, இங்வால். மெதுவா வந்துச்சு. விரிஞ்சுக்கிட்டே வந்துச்சு. அந்தப் பச்சையில ஒரு சிவப்பு. நான் அசையவே இல்ல. அசைஞ்சா போயிடும்னு மூச்சைக்கூட விடல." சிவப்பு மீனைத் திருப்பிப் பார்த்தான். "என் வாழ்க்கையில நான் பார்த்ததுலயே அழகு அதுதான். அப்புறம் ஒரு கை தெரிஞ்சுது."

"எவ்வளவு நேரம்?" என்றேன்.

"தெரியல."

"எவ்வளவு நேரம்டா பார்த்துக்கிட்டு இருந்த?"

"தெரியலடா. அதைத்தான் தினமும் கேட்டுக்கிட்டு இருக்கேன்." மீனை நீட்டினான். "இந்தச் சிவப்பா? நீயும் கோட்டைப் பார்த்தியே. இதுவா, அந்தக் கறுத்ததா?"

அவனை அடித்தேன். வாழ்க்கையில் நான் ஒருவனை அடித்தது அந்த ஒரு முறைதான். நாற்காலியோடு விழுந்தான். விழுந்த இடத்திலேயே கிடந்து, மேஜைக்கடியில் உருண்ட மீனை எட்டி எடுத்து வண்ணம் உதிர்ந்திருக்கிறதா என்று பார்த்தான். நான் வெளியே வந்து லாரியில் உட்கார்ந்து அழுதேன். அவன்மேல் கோபமா, கதவைத் தட்டாமல் போன என்மேல் கோபமா என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மே மாதம் அவளைப் புதைத்தோம். கோடை முழுக்க அவன் அடுத்தவர்கள் பண்ணையில் வைக்கோல் எறிந்தான், இரண்டிரண்டாக. கிறிஸ்துமஸ் வந்தது. மறுநாளே மாடிக்குப் போய்ப் படுத்துவிட்டான். நான் ஏறிப் பார்த்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். தட்டில் சாப்பாடு அப்படியே இருந்தது. மூன்றாம் நாள், மன்னித்துவிடு என்றான். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கம் இல்லை. விடிந்ததும் என் மனைவி எங்கள் கிறிஸ்துமஸ் மரத்தைத் தானே தூக்கி வந்து லாரியில் போட்டாள். நான் பிரெக்கி பண்ணைக்குப் போய், அந்தப் பாழாய்ப்போன கூட்டைச் சங்கிலி கட்டி ஏரிக்கு இழுத்தேன். ஒற்றை ஆளாகத் துளை வெட்டினேன். வெட்டுகிற ஒவ்வொரு வெட்டுக்கும் அவனையும் திட்டினேன், அவளையும் திட்டினேன். அவளைத்தான் அதிகம் திட்டினேன். அவனை உயிரோடு வைத்திருக்க இந்த ஒரு வழியைத்தான் எனக்குக் காட்டிவிட்டுப் போயிருந்தாள். அடுப்பைப் பற்ற வைக்க உள்ளே போனேன். காற்றில் கதவு சாத்திக்கொண்டது.

கீழே பார்த்தேன். முதல் தடவையாகப் பார்த்தேன். மணலில் ஒவ்வொரு கூழாங்கல்லும் தெரிந்தது. ஒரு சிப்பி, அதன் நிழல், நிழலுக்கு மேலே தூசியளவு மீன்குஞ்சுகள். வெளிச்சம் எங்கிருந்து வருகிறதென்றே தெரியாமல் வந்துகொண்டிருந்தது. அழகாகத்தான் இருந்தது. அவள் போன தண்ணீர், அதில் ஒரு கீறல்கூட இல்லை. எவ்வளவு நேரம் அப்படிக் குனிந்திருந்தேன் என்று எனக்கும் தெரியாது. அடுப்புப் பற்றவைக்க எடுத்த தீக்குச்சி கையில் அப்படியே இருந்தது.

பிறகு போய் அவனை எழுப்பிக் கூட்டிவந்தேன். பெஞ்சில் உட்கார வைத்தேன். எங்கள் வீட்டு மரத்தைக் கதவோரம் சாய்த்து வைத்தேன்.

"வீட்டை நகர்த்தினா மரத்தை நடணும்," என்றேன்.

"ம்," என்றான். அவன் கண் அதற்குள் தண்ணீருக்குப் போய்விட்டது.

"வீட்டை நகர்த்தினா மரத்தை நடணும், செல்மர்."

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். எங்கள் ஊரில் ஒருவன் இன்னொருவனை எப்படிப் பார்க்கக் கூடாதோ அப்படிப் பார்த்தான். நான் மூன்றாம் தடவையும் சொன்னேன்.